பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா? – தோட்டத்து லயத்திலிருந்து தெங்கேரா வரை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் வரலாறு



2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை, என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தை எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். தெங்கேராவில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் குடும்பம். நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த காலம். மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய அந்த ஆணையால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகளின் கல்வி அடியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, ஏப்ரல் 6ஆம் நாள் முதல் அரசாங்கத் தொலைக்காட்சியின் டிவி ஓக்கே அலைவரிசையில் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தன. நேரத்தைக் குறித்து எல்லாப் பெற்றோருக்கும் நானே புலனத்தில் செய்தி அனுப்பியிருந்தேன்.

“சார், டிவியில சத்தம் மட்டும் வருது. படம் வரல. நடுவுல ஒரு கோடு மட்டும் நிக்குது. பையன் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டுப் பாடம் கேக்குறான்” என்றார் அவர்.

கணக்குப் பாடத்தைக் காதால் மட்டும் கேட்டுப் படிக்கும் பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியும் தந்தையுடையது. அதில் இணையத் தரவு மாதக் கடைசி வரை தாக்குப்பிடிக்காது. அந்தக் காலக்கட்டத்தில் அக்குடும்பத்துக்கு வகுப்பறை என்று இருந்தது அந்தப் பழைய 21 அங்குலப் பெட்டி ஒன்றுதான். “பழுது பார்க்கலாமா, புதுசு வாங்கலாமா, நீங்களே சொல்லுங்க சார்” என்பது அவருடைய கேள்வி. அவர் வேலை செய்த இடத்தில் அம்மாதம் சம்பளம் பாதிதான் கொடுத்திருந்தார்கள்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. என் தந்தையார் இதே கேள்வியைத் தம் வாழ்நாளில் நான்கு முறை எதிர்கொண்டு நான்கு வகையாக விடை கண்டார். அவற்றை எண்ணிப் பார்க்கும்போது, இக்கேள்விக்கு நம் சமூகத்தில் ஒரு வரலாறே இருப்பது புலப்படுகிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதி வைக்க விழைகின்றேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பிறந்தது. கோலாலம்பூர், அம்பாங் சாலையில் இருந்த துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்தில் அன்றைய பிரதமர் துங்கு அவர்களே அதனைத் தொடக்கி வைத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் நம்மை முந்திக்கொண்டது. தமிழகத்தோடு ஒப்பிட்டால் நாம் வெகுதூரம் முன்னால் நின்றோம். தில்லியில் 1959இல் தொடங்கிய தொலைக்காட்சி சென்னையை எட்டியது 1975இல்தான். இலங்கைக்கு 1979இல் வந்தது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் முன்பே தொலைக்காட்சியைக் கண்டவர்கள் மலாயாத் தமிழர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் என்று நான் வகுப்பில் சொன்னால், மாணவர்கள் நம்ப மறுக்கின்றார்கள்.

ஆயினும் ‘நாட்டில் இருந்தது’ என்பதற்கும் ‘தோட்டத்தில் இருந்தது’ என்பதற்கும் இடையே பெரும் பள்ளம் ஒன்று கிடந்தது. அந்தப் பள்ளத்தின் பெயர் மின்சாரம்.

நான் பிறந்து வளர்ந்தது ஜாசின் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில். மலாக்கா மாநிலம் இரப்பருக்குப் புதியதன்று. 1896இல் தான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் நட்ட மரங்கள்தாம் இந்நாட்டின் வணிக நோக்கிலான இரப்பர்ப் பயிர்த்தொழிலுக்கு முன்னோடி என்பர். அதனையடுத்து அவர் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் தோட்டம் அமைத்தார். அந்தத் தொழிலுக்கு உலக வரலாற்றிலேயே இடமுண்டு. ஆனால் எங்கள் லயத்து வீடுகளில் 1980களின் நடுப்பகுதி வரை மின்விளக்கு எரிந்தது மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மட்டுமே. இரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த மின்னாக்கி இயந்திரம் ஓடும் வரைதான் வெளிச்சம். பத்து மணிக்கு அதன் ‘டுக் டுக்’ ஓசை மெல்ல மெல்ல அடங்கும். பிறகு பெட்ரோமாக்ஸ், சிம்னி, அதற்கும் மேல் நிலா.

முதல் பெட்டி தோட்டத்துக்கு வந்தது பொதுவுடைமையாக. கோயில் மண்டபத்தை ஒட்டிய சிறு கொட்டகையில், மரப்பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்ட கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. சாவி மண்டோரிடம். வாரம் ஒருமுறை தமிழ்ப் படம் போடும் நாளில் லயத்துக் குடும்பங்கள் பாயோடும் கைக்குழந்தைகளோடும் வந்து அமரும். பெரும்பாலான படங்களின் முடிவை நாங்கள் கண்டதில்லை. படம் முடிய இன்னும் கால் மணி இருக்கும்போது பத்து மணி அடித்துவிடும். கதாநாயகன் வில்லனின் சட்டையைப் பிடித்த நிலையிலேயே திரை சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்துவிடும். எஞ்சிய கதையை மறுநாள் காலைப் பெரட்டுக் களத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுவார்கள். எத்தனையோ படங்களுக்கு எங்கள் தோட்டத்தில் இரண்டு மூன்று முடிவுகள் உண்டு.

மின்வெட்டை வெல்லக் கண்டுபிடித்த வழி கார் மின்கலம். 12 வோல்ட்டில் இயங்கக்கூடிய சிறிய கருப்பு வெள்ளைப் பெட்டிகள் 1970களின் இறுதியில் கடைகளுக்கு வந்தன. 1981இல் என் தந்தையார் அத்தகைய 14 அங்குலப் பெட்டி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். விலை முந்நூற்று ஐம்பது வெள்ளி. பால்மரம் வெட்டும் கணவன் மனைவி இருவரின் கூலியில் அரிசி, பருப்பு, கடைக்கணக்கு எல்லாம் போக மிச்சம் பிடித்து அதனைக் கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாத மாதங்களில் தவணை தள்ளிப்போகும். வீட்டுக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் வேறு. (அந்த உரிமக் கட்டணத்தை அரசாங்கம் 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் கைவிட்டது. உரிம அதிகாரி வருகிறார் என்ற வதந்தி கிளம்பினால், லயத்தில் பல பெட்டிகள் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும்!)

மின்கலத்துக்குச் சக்தி ஏற்ற, ஜாசின் பட்டணத்துக்கு மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் அங்கே விட்டு மறுநாள் எடுக்க வேண்டும். அமிலம் சிந்தி என் அண்ணனின் கால்சட்டையில் விழுந்த ஓட்டைகள் எங்கள் வீட்டு வரலாற்றின் தொல்லியல் சான்றுகள். மின்கலத்தில் சக்தி குறையக் குறையப் படம் நாற்புறமும் சுருங்கி வரும். ‘படம் சுருங்குது, நியூஸ நிப்பாட்டு, நாடகத்துக்கு மிச்சம் வை’ என்று அம்மா கட்டளையிடுவார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மின்சாரம் இல்லாவிட்டாலும் எங்களுக்கு அலை தெளிவாகக் கிடைத்தது. குனோங் லேடாங் மலை எங்கள் தோட்டத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அம்மலையில் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் மலாக்காவுக்கும் வடஜொகூருக்கும் படம் அனுப்பியது. பட்டணத்துக்காரர்கள் ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஒரு மூங்கில் கழியில் அலுமினியக் கம்பியைக் கட்டியே வேலையை முடித்துக்கொண்டோம்.

அந்தப் பெட்டி முதன்முதலாகப் பழுதானது 1984இல். திரையில் ஒன்றுமில்லை, ஓசையும் இல்லை. தந்தையார் அதனைச் சாக்கில் சுற்றி மிதிவண்டியில் ஏற்றிப் பட்டணத்துச் சீனர் ஒருவரின் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து விழுந்தது ஒரு பல்லி. கருகி, வற்றி, அச்சுப் பலகையின் இரண்டு ஈயப் பற்றுகளுக்கு நடுவே பாலமாகக் கிடந்து உயிர்விட்டிருந்தது. எரிந்த பாகத்தை மாற்றிப் பதினெட்டு வெள்ளி வாங்கினார். முந்நூற்று ஐம்பதுக்குப் பதினெட்டு. இருபதில் ஒரு பங்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புதிது வாங்குவதா என்ற வினாவே எழவில்லை.

எழுபது, எண்பதுகளின் பழுதுபார்ப்புப் பண்பாட்டுக்கு அடிப்படை இந்தக் கணக்குத்தான். அந்தக் காலத்து மக்கள் சிக்கனக்காரர்கள், இந்தக் காலத்தவர் ஊதாரிகள் என்று மேடைகளில் பேசுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று பெட்டியின் விலை பல மாதக் கூலி. பழுதுபார்ப்பவரின் ஒரு நாள் உழைப்போ மிக மலிவு. பெட்டியும் திறந்து பார்க்கத் தக்கதாக இருந்தது. அதற்கும் முந்திய வால்வு காலத்துப் பெட்டிகளில், எந்த வால்வு ஒளிரவில்லை என்று கண்ணாலேயே பார்த்து, கையால் பிடுங்கி, வேறொன்றைச் செருகலாம். திரான்சிஸ்டர் வந்தபின் கண்ணால் காண முடியாமற்போயிற்று, மீட்டர் வேண்டியதாயிற்று. பின்னர் ‘ஐசி’ என்னும் சில்லு வந்தது. நூறு பாகங்கள் செய்த வேலையை ஒன்று செய்தது. கெட்டால் அந்த ஒன்றை மாற்ற வேண்டும், அது கிடைக்காவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டும். இன்றைய தட்டைத் திரைகளிலோ மொத்தமாக இரண்டு மூன்று பலகைகளும் ஒரு கண்ணாடிப் பலகமும்தான்.

இரண்டாம் முறை பழுதானது 1987 வாக்கில். மின்தேக்கி ஒன்று காய்ந்துவிட்டது, எளிதாய்ச் சரியாயிற்று. மூன்றாம் முறை வந்த நோய் வேறு வகை. படம் தோன்றவே ஐந்து நிமிடம் எடுத்தது, தோன்றினாலும் மூடுபனிக்குள் தெரிவது போல் மங்கலாக இருந்தது. ‘டியூப் வீக்’ என்றார் அதே கடைக்காரர். படக்குழாயின் கழுத்துப் பகுதியில் எலக்ட்ரான்களை உமிழும் பூச்சு தேய்ந்துவிட்டால் இப்படி ஆகும். அதற்கும் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. குழாயின் இழைக்குக் கொஞ்சம் கூடுதலான மின்னழுத்தம் தரும் சிறு மின்மாற்றியைப் பொருத்தினார். ‘ஆறு மாசம், ஒரு வருசம். அதுக்கு மேல சாமிகிட்ட கேளு’ என்று அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரித்தார். அது ஒன்றரை ஆண்டு ஓடியது.

நான்காம் முறை தந்தையார் பழுதுபார்க்கவில்லை. அப்போது 1990. அதற்குள் சூழ்நிலையே தலைகீழாகியிருந்தது. நாட்டில் வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பர் 28ஆம் நாளே, அதாவது தொலைக்காட்சியின் பதினைந்தாம் பிறந்த நாளிலேயே, தொடங்கிவிட்டது. 1984 ஜூன் முதல் நாள் டிவி3 என்னும் தனியார் நிலையம் வந்தது. பட்டணத்தில் யாரும் கருப்பு வெள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்திலும் மாற்றங்கள் வந்தன. 1990இல் நிறைவேறிய தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் (446ஆம் எண் சட்டம்), தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் நீரும் போதிய மின்சாரமும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று விதித்தது. எங்கள் தோட்டத்துக்கு முழுநேர மின்சாரம் வந்தது அதற்கு ஓராண்டு கழித்து. ஆனால் வரப்போகிறது என்ற சேதி முன்பே பரவியிருந்தது. என் அக்கா பத்து பெரெண்டாம் தடையற்ற வணிக வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் போன்ற தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகத் தோட்ட வாசலில் சீருடையோடு நிற்கும் காட்சியை, 1970களில் அந்த ஆலைகள் வந்த நாள்முதல் மலாக்காத் தோட்டங்கள் பலவற்றில் காணலாம். தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களின் பேத்திகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து சில்லுகளில் மயிரிழைக் கம்பி ஒட்டினார்கள். எங்கள் வீட்டு வண்ணத் தொலைக்காட்சிக்கு முன்பணம் கட்டியது அந்தப் பெண்ணின் முதல் போனஸ்.

பழைய பெட்டியை அம்மா வீசவிடவில்லை. அது பல ஆண்டுகள் அரிசி மூட்டை வைக்கும் மேடையாகப் பணியாற்றியது.

1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. அதனுடன் ‘வானவில்’ என்னும் தனித் தமிழ் அலைவரிசையும் வந்தது. வாரம் ஒரு படம் என்று காத்திருந்த சமூகத்துக்கு நாள் முழுதும் தமிழ் கிடைத்தது. அது தமிழுக்குச் செய்த நன்மை எவ்வளவு, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குச் செய்த தீமை எவ்வளவு என்பதை ஓர் ஆசிரியனாக நான் தனியே எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.

அதே காலத்தில் பெட்டியின் விலை சரியத் தொடங்கிற்று. அதற்கு நம் நாடே ஒரு காரணம் எனலாம். சப்பானிய, கொரிய நிறுவனங்கள் மலேசியாவில் ஆலைகள் அமைத்தன. சிரம்பானை அடுத்த துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் சாம்சங் எஸ்டிஐ நிறுவனம் படக்குழாய்களையே வார்த்தது. மலாக்காவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உலகத்துக்குப் படக்குழாய் செய்தார்கள். தட்டைத் திரைகள் வந்து படக்குழாயை வீழ்த்திய பிறகு அந்த ஆலை மின்கலத் தயாரிப்புக்கு மாறிவிட்டது.

தமிழகத்திலோ, இக்கேள்விக்கு வேறொரு விடை அளிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதி தந்து ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு, அவ்வாண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடக்கியது. எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2011இல் ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகு உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் சென்றபோது, ஒரு பழுதுபார்ப்புக் கடையில் அந்த 14 அங்குலப் பெட்டிகள் சுவர்போல் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். இலவசமாக வந்த பொருளைப் பணம் கொடுத்துப் பழுதுபார்க்க யாருக்கும் மனம் வரவில்லை போலும் என்று எண்ணினேன். கடைக்காரர் மறுத்தார். எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரி என்பதால், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும், ஆகவே தமக்கு அவற்றைப் பழுதுபார்ப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது என்றார். நான் நினைத்ததற்கு நேர் எதிர்.

இனி 2019க்கு வருவோம். தொலைக்காட்சிப் பெட்டி பழுதாகாமலேயே செத்துப்போன ஆண்டு அது.

பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டு இலக்கவியல் முறைக்கு மாறுவது உலகெங்கும் நடந்தது. அமெரிக்கா 2009இல் மாறியது. அதற்கென அங்குள்ள அரசு, மாற்றுக் கருவி வாங்க 40 டாலர் மதிப்புள்ள பற்றுச்சீட்டுகளை வழங்கிற்று. சிங்கப்பூர் 2019 தொடக்கத்தில் மாறியது. மலேசியாவில் 2019 ஜூலை 21ஆம் நாள் லங்காவியில் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாக நிறுத்திக்கொண்டு வந்து, அக்டோபர் 31ஆம் நாள் சபா, சரவாக்கோடு முடித்தார்கள். காலியான அலைவரிசைகள் கைப்பேசிச் சேவைக்குப் போயின. புதிய பெட்டிகளுக்குள் இலக்கவியல் வாங்கி உண்டு. பழைய பெட்டிகளுக்குத் தனியாக ‘டிகோடர்’ எனப்படும் மாற்றுப்பெட்டி வேண்டும். உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு அதனை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது.

அப்போது தெங்கேராவில் பலர் கேட்ட கேள்வி: பழைய டிவியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? தூக்கிப் போட்டவர்கள் பலர். வேண்டியதில்லை என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மாற்றுப்பெட்டியின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் இருக்கும். முப்பது ஆண்டுப் பழைய பெட்டியிலும் அதே துளைகள் இருக்குமானால் மூன்று கம்பிகளைச் செருகினால் போதும். கூரையில் உள்ள ஏரியல் மட்டும் யூஎச்எஃப் வகையாக இருக்க வேண்டும். தெங்கேராவில் அதுவும் ஒரு சிக்கல். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து ஏரியல் மூட்டுகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். (இவ்வூரின் பெயரே போர்த்துகீசியர் எழுப்பிய காவல் அரணைக் குறிக்கும் ‘திராங்கெய்ரா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. பகைவரைத் தடுத்தார்கள், உப்புக் காற்றைத் தடுக்க யாராலும் முடியவில்லை.)

என் மாணவனின் வீட்டில் இருந்தது அப்படி மாற்றுப்பெட்டியால் மறுபிறவி எடுத்த பெட்டிதான். பாட்டி தோட்டத்தை விட்டு வரும்போது தம்மோடு கொண்டுவந்தது.

திரையின் குறுக்கே ஒற்றைக் கோடு என்றால் என்ன பொருள்? படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே மேலிருந்து கீழே இறங்குகிறது. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். மேலும் கீழும் நகர்த்தும் சுற்று மட்டும் செயலிழந்தால், அத்தனைக் கோடுகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கண்ணைக் கூசும் ஒரே கோடாக நிற்கும். அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருந்த கோட்டுக்குள் முழுப் பாடமும் மடங்கிக் கிடந்தது. படக்குழாய்க்குக் கேடில்லை, உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் கேடில்லை. பெரும்பாலும் ஒரு சில்லு, அல்லது அதனருகே வெடித்த ஈயப் பற்று. சில வெள்ளிகளில் முடியும் நோய்.

ஆகவே தொலைபேசியிலேயே அவரிடம் சொன்னேன்: வாங்க வேண்டாம், பழுதுபாருங்கள். ஒரே கோடாக வெளிச்சம் விழுவதால் திரை அந்த இடத்தில் தீய்ந்துவிடும், ஒளியை நன்றாகக் குறைத்து வையுங்கள். எக்காரணம் கொண்டும் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

சொல்லிவிட்டேனே தவிர, எங்கே பழுதுபார்ப்பது? கடைகள் மூடிக் கிடந்தன. பத்து கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதியில்லை. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே வரலாம். இணையத்தில் 32 அங்குலத் தட்டைப் பெட்டி ஐந்நூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைத்தது, மூன்றே நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மலாக்கா மாநகரப் பகுதிக்கு அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி. என் தந்தையார் ஒன்றரை ஆண்டு தவணை கட்டிய பொருள், பாதி மாதச் சம்பளத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அவர் கையில் வந்ததே பாதிச் சம்பளம்தான்! ‘பழுதுபாருங்கள்’ என்று நான் சொன்ன அறிவுரையால் ஒரு பிள்ளை மூன்று வாரத்துக்கும் மேலாகக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பாடம் கேட்டான். இதனை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த வாரங்களில், சக ஆசிரியர்களிடம் பணம் திரட்டிப் புதிதே வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று பலமுறை எண்ணினேன். கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். “பழுது பாக்கலாம்னு நீங்கதான் சார் சொன்னீங்க. காத்திருக்குறோம்” என்றார். அந்தப் பதில் எனக்கு நிம்மதி தரவில்லை.

மே 4ஆம் நாள் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அந்த வாரமே தெங்கேரா நெடுஞ்சாலைக்குப் பின்னால் உள்ள சந்தில் எழுபது வயதைத் தாண்டிய தவுக்கே ஒருவரிடம் பெட்டி போயிற்று. நானும் போய் முகக்கவரியோடு வாசலில் நின்றேன். அவர் முதலில் ஒரு திருப்புளியில் கம்பியைக் கட்டி, குழாயின் பக்கவாட்டு ரப்பர் மூடிக்குள் நுழைத்து மின்னேற்றத்தை இறக்கினார். ‘பட்’ என்று ஒரு பொறி. பிறகு பலகையைப் புரட்டிப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஈயப் பற்றில் ஒரு வளையம் போல விரிசல் இருந்தது, சில்லும் போயிருந்தது. அந்தச் சில்லு இப்போது கடையில் கிடைப்பதில்லை, பின்னால் கிடக்கும் ஒரு செத்த பெட்டியிலிருந்து கழற்றிப் போடுகிறேன் என்றார். எண்பது வெள்ளி கேட்டார். ஐந்நூற்றைம்பதுக்கு எண்பது. ஏழில் ஒரு பங்கு. என் தந்தையாரின் காலத்தில் இருபதில் ஒரு பங்கு என்று முன்னே எழுதினேன். இவ்விரு பின்னங்களுக்கு இடையில்தான் நாற்பதாண்டு வரலாறு இருக்கிறது.

தட்டைத் திரை வைத்திருப்பவர்கள் கேட்கக்கூடும், எங்கள் நிலை என்ன என்று. தவுக்கேயிடம் கேட்டதைச் சொல்லுகிறேன். ஓசை வந்து படம் இருண்டிருந்தால், கைவிளக்கைத் திரைக்கு மிக அருகில் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பின்னொளி விளக்குகள்தாம் போயிருக்கின்றன. மாற்றலாம், செலவு தாங்கும். மின்வழங்கிப் பலகை போயிருந்தாலும் மாற்றலாம். கண்ணாடிப் பலகம் விரிந்துவிட்டால் கைகழுவ வேண்டியதுதான், அந்தப் பலகத்தின் விலை ஏறக்குறைய பெட்டியின் விலையே. உதிரிப் பாகம் கிடைக்கவில்லையென்று கடைக்காரர் கைவிரித்தால், நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லுவதை நினைவுபடுத்துங்கள். ‘கிடைக்காது’ என்று விற்கும்போதே அறிவித்துவிட்டால் அது பொருந்தாது என்ற ஓட்டையும் அதே பிரிவில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ 2021 முதல் திரைக் கருவிகளின் முக்கிய உதிரிப் பாகங்களை ஏழாண்டுக் காலம் வைத்திருக்க வேண்டும் என்று ஆண்டுக் கணக்கையே எழுதி வைத்துவிட்டது. நம் சட்டத்திலும் எண் ஒன்று இருந்தால் நன்று.

அந்தப் பெட்டி மேலும் இரண்டாண்டு ஓடியது. ஜூலையில் பள்ளி திறந்து, மீண்டும் மூடி, 2021 பிப்ரவரி 17ஆம் நாள் டிடிக் டிவி தொடங்கியபோது அந்தப் பையன் முழுப் படத்தோடு பாடம் பார்த்தான். இடைப்பட்ட ஆண்டில் அவனுக்கு மூத்த வகுப்பினரின் யூபிஎஸ்ஆர் தேர்வு இரத்தானது. அடுத்த ஆண்டு அத்தேர்வே ஒழிக்கப்பட்டுவிட்டது. கோட்டைப் பார்த்துக் கேட்ட பாடங்களில் பின்னங்கள் மட்டும் அவனுக்குக் கடைசிவரை தகராறுதான். பள்ளி திறந்ததும் சில மாலைகள் அவனை உட்கார வைத்து அவற்றை நான் மீண்டும் நடத்தினேன்.

2022இல் உயர் மின்னழுத்தம் தரும் பிளைபேக் போயிற்று. இம்முறை தவுக்கேயே தலையாட்டிவிட்டார். தந்தைக்கு அப்போது முழுச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. புதிய பெட்டி வாங்கினார்கள். பழையதை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். படக்குழாயின் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் உண்டு. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்று பட்டியலிடப்பட்டிருந்தாலும், அது முதன்மையாகத் தொழிற்சாலைகளைக் கருதி எழுதப்பட்டது. குப்பை வண்டிக்காரர் தொட மறுத்தார். பழைய இரும்புக்காரர் செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு குழாயை விட்டுவிடுவதாகச் சொன்னார். இறுதியில் தவுக்கே தாமே எடுத்துக்கொண்டார். ‘போர்டு நல்லாருக்கு’ என்றார்.

அண்மையில் அந்தச் சந்து வழியாகப் போனேன். கடையின் பின்கட்டில் ஏழெட்டுப் படக்குழாய்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பாட்டியின் பெட்டி எது என்று கேட்டேன். பலகையை இன்னொருவரின் பெட்டிக்குப் போட்டுவிட்டதாகவும், குழாய் அங்கேதான் எங்கோ இருப்பதாகவும் சொல்லிவிட்டு, கையில் இருந்த ஈயப் பற்றுக்கோலை மீண்டும் சூடாக்கத் தொடங்கினார்.